மஞ்சளாவது எந்த இலை? தொட்டியில் எலுமிச்சை வளர்ப்போரின் கேள்விகள்

மாடியிலும் முற்றத்திலும் எலுமிச்சை, சாத்துக்குடி, நாரத்தை வளர்ப்பவர்களிடமிருந்துதான் இம்முறை மிகுதியான கடிதங்கள் வந்துள்ளன. எல்லாவற்றிலும் இலையைப் பற்றிய கவலையே. பலர் ஒரே ஒரு மஞ்சள் இலையைப் பறித்துப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அது கிளையின் நுனியில் இருந்த இலையா, அடியில் இருந்த இலையா என்பது தெரியாமல் விடை சொல்வது இயலாத காரியம். இனி எழுதுபவர்கள் செடி முழுவதும் தெரியும் படம் ஒன்று, இலையின் மேற்புறமும் அடிப்புறமும் தெரியும் படங்கள், தொட்டியின் மண்பரப்பு தெரியும் படம் ஒன்று ஆகியவற்றோடு, எந்த நீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாகச் சிமெண்ட் தொட்டியில் எலுமிச்சை வளர்க்கிறேன். புதிதாக வரும் இலைகளெல்லாம் வெளிர் மஞ்சளாக இருக்கின்றன. நரம்புகள் மட்டும் பச்சையாக உள்ளன. பழைய இலைகளுக்கு ஒன்றும் இல்லை. முட்டை ஓட்டுப் பொடி, அடுப்புச் சாம்பல், எப்சம் உப்பு மூன்றும் மாதந்தோறும் போடுகிறேன். ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்றுகிறேன். இன்னும் என்ன உரம் இட வேண்டும்?
(வாசகி, தாம்பரம்)

பதில்: புதிய இலையா, பழைய இலையா என்பதைத் தாங்கள் தெளிவாக எழுதியிருப்பதால் என் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. செடிக்குள் சில சத்துகள் இடம்விட்டு இடம் நகரும். சில நகர மாட்டா. தழைச்சத்தும் மெக்னீசியமும் நகரக் கூடியவை என்பதால், தட்டுப்பாடு வந்தவுடன் செடி அவற்றைப் பழைய இலைகளிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். ஆகவே முதலில் மஞ்சளாவது அடியிலுள்ள முதிர்ந்த இலை. இரும்பும் துத்தநாகமும் மாங்கனீசும் ஓர் இலையில் சேர்ந்த பிறகு எளிதில் வெளியேறுவதில்லை என்பதால், அவை குறைந்தால் அந்தக் குறையைச் சுமப்பது புதிய இலையே. தங்கள் செடியில் கொழுந்து வெளுத்து, மெல்லிய நரம்புகள்கூடப் பச்சை வலை பின்னியதுபோல் தெரிவதால், இது இரும்புச் சத்துக் குறைவு. இலைகள் சிறுத்துக் குறுகி, நரம்புகளை ஒட்டி ஒழுங்கற்ற பச்சைப் பட்டைகளோடு இடையிடையே மஞ்சள் தெரிந்திருந்தால் துத்தநாகத்தைச் சொல்லியிருப்பேன். இலையின் அளவு குறையாமல், நரம்பை ஒட்டிய பச்சைப் பட்டை மட்டும் அகலமாக இருந்தால் மாங்கனீசு.

எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் குறைந்த எலுமிச்சையில் முதிர்ந்த இலையின் விளிம்பும் நுனியும் மஞ்சளாகி, காம்பை ஒட்டிய பகுதியில் மட்டும் கூரை முகடு போன்ற வடிவில் பச்சை எஞ்சி நிற்கும். தங்கள் செடியில் அந்த அடையாளம் இல்லை. மஞ்சள் என்றாலே எப்சம் உப்பு என்ற பழக்கம் வீட்டுத் தோட்டக்காரர்களிடம் வேகமாகப் பரவியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. தேவையில்லாமல் சேரும் மெக்னீசியம், சுண்ணாம்புச் சத்தையும் சாம்பல் சத்தையும் வேர் உறிஞ்சுவதற்கு இடைஞ்சலாகும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

தங்கள் தொட்டி மண்ணில் இரும்பே இல்லை என்பது இதற்குப் பொருளன்று. செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பினால்தான். ஆனால் மண்ணின் கார அமில நிலை, அதாவது பி.எச். அளவு, 7ஐத் தாண்டினால் அந்த இரும்பு வேருக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. எலுமிச்சை வகைகளுக்கு ஏறத்தாழ 6 முதல் 6.5 வரையிலான அளவு மிகவும் ஏற்றது. தங்கள் தொட்டியில் காரத்தன்மையைக் கூட்டும் காரணங்கள் நான்கு ஒன்றுசேர்ந்திருக்கின்றன. முட்டை ஓடு சுண்ணாம்புப் பொருள். அது மெல்லத்தான் கரையும். சாம்பலோ உடனடியாக மண்ணைக் காரமாக்கிவிடும். சிமெண்ட் தொட்டியின் சுவரிலிருந்து, குறிப்பாகத் தொட்டி புதிதாக இருந்த காலத்தில், சுண்ணாம்பு கசிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்புகள் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் மண்ணில் சேர்கின்றன. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதும் அதுவே.

ஆகவே புதிதாக உரம் இடுவதற்கு முன், இப்போது இடுகின்ற மூன்றையும் நிறுத்துங்கள். தொட்டியின் அடித்துளை அடைபடவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, நல்ல நீர் கிடைக்கும் ஒருநாளில், துளை வழியாகத் தாராளமாக வெளியேறும் அளவுக்கு மெதுவாக இரண்டு மூன்று முறை ஊற்றி மண்ணில் தங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாடியில் விழும் நீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து எலுமிச்சைக்கென்று ஒதுக்குவது மிக நல்ல பழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இதே செடி தானாகவே சற்றுப் பச்சை கட்டுவதைத் தாங்கள் கவனித்திருக்கக் கூடும். மழைநீரில் அந்த உப்புகள் இல்லை என்பதுதான் காரணம்.

உடனடித் தேவைக்கு, நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்ற பெயரில் கிடைக்கும் இரும்பு சல்பேட்டை ஒரு லிட்டர் நீருக்கு 2.5 கிராம் என்ற அளவில் கரைத்து, அரைமூடி எலுமிச்சைச் சாறும் பிழிந்து, வடிகட்டி, மாலை வேளையில் இளம் இலைகளின் இருபுறமும் நனையும்படி தெளியுங்கள். சாறு சேர்ப்பது, இரும்பு துருநிறமாகிப் பயனற்றுப் போவதைத் தாமதப்படுத்தும். மண்ணில் இட விரும்பினால் கீலேட் வடிவ இரும்பு (வேருக்கு எட்டாமல் போகாதபடி வேறொரு சேர்மத்தால் பிணைக்கப்பட்ட இரும்பு) உரக் கடைகளில் கிடைக்கிறது. அதில் ஈ.டி.டி.ஏ. என்று குறிப்பிட்டிருப்பது பி.எச். 6.5க்கு மேல் விரைவில் வலுவிழக்கும், ஈ.டி.டி.எச்.ஏ. என்று குறிப்பிட்டிருப்பதே கார மண்ணிலும் வேலை செய்யும். நீரில் கரைத்தால் பின்னது அடர்ந்த செந்நிறமாகத் தெரியும். விலை கூடுதல்தான், ஆனால் தங்கள் நிலையில் மலிவானதை வாங்குவது வீண் செலவாகிவிடும். பலனை ஏற்கெனவே வெளுத்த இலைகளில் தேடாதீர்கள். அடுத்து வரும் கொழுந்து பச்சையாக விரிகிறதா என்பதே சோதனை.

கேள்வி: பதினெட்டு அங்குலப் பிளாஸ்டிக் தொட்டியில் உள்ள ஒட்டுச் சாத்துக்குடி வாடித் தொங்குகிறது. நாள்தோறும் இருவேளையும் நீர் ஊற்றியும் இலைகள் நடுநரம்பிலிருந்து மஞ்சளாகி உதிர்கின்றன. நுண்ணூட்டக் கலவை வாங்கித் தெளிக்கட்டுமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம். தங்கள் கடிதத்தில் என் கவனத்தை ஈர்த்த சொல் "இருவேளையும்" என்பதுதான். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருப்பது சத்துக் குறைவு; அதற்கு நேர்மாறாக நரம்பு மஞ்சளாகி இடைப்பகுதி பச்சையாக நிற்பது, வேரோ அடித்தண்டின் பட்டையோ பாதிக்கப்பட்டிருப்பதன் அடையாளம். நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லை. காற்றில்லாத வேர் மூச்சடைத்துச் சாகத் தொடங்குகிறது. அந்த ஈரத்தில் பைட்டோப்தோரா என்ற, பூசணம் போன்ற நுண்ணுயிர் பெருகி, எஞ்சிய வேரையும் அழுகச் செய்கிறது. வேர் குறைந்ததால் இலைக்கு நீர் போய்ச் சேர்வதில்லை, இலை வாடுகிறது. வாட்டத்தைப் பார்த்து நாம் மேலும் நீர் ஊற்றுகிறோம். தொட்டிச் செடிகள் மடிவதற்கு நான் கண்ட காரணங்களில் பூச்சியையும் நோயையும்விட இந்தப் பரிவுதான் அதிகம்.

இன்றே நீரை நிறுத்திவிட்டு, ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்துப் பாருங்கள். அந்த ஆழத்தில் ஈரம் ஒட்டினால் அன்று நீர் தேவையில்லை. பிறகு தொட்டியைச் சாய்த்து அடித்துளைகளைப் பாருங்கள். மண் கட்டியோ வேரோ அடைத்திருக்கலாம்; அடியில் தட்டு வைத்திருந்தால் அதில் நிற்கும் நீரே மேலேறிக்கொண்டிருக்கலாம். மண்ணில் புளித்த வாடையோ சாக்கடை வாடையோ வந்தால் செடியை வேர்ப்பந்தோடு வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. நல்ல வேர் வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேரை விரலால் உருவினால் மேல்தோல் வழுக்கிக் கழன்று உள்நரம்பு நூலாக எஞ்சும். அத்தகைய வேர்களைக் கூரிய கத்தரியால் நல்ல பகுதி வரை வெட்டி நீக்கிவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்த புதிய கலவையில் நடுங்கள். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேல் நன்றாகத் தெரிய வேண்டும். குறைந்த வேருக்கு ஏற்பக் கிளைகளிலும் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்து, இரண்டு வாரம் அரைநிழலில் வைத்து, தொட்டியைச் செங்கற்களின் மேல் தூக்கி நிறுத்துங்கள். புதுத்துளிர் வரும்வரை எந்த உரமும் இட வேண்டாம். வேரில்லாத செடிக்கு இடும் உரம் உப்பாக மாறி, எஞ்சியதையும் கருக்கிவிடும்.

தென்னை நார்க்கழிவு கலந்த மண்ணில் வளர்ப்பவர்களுக்கும் இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கழுவாத நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. அதன் மேற்பரப்பு உலர்ந்து காட்டினாலும் அடியில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இன்னும் அவசியம். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் ஆர்.ஓ. கழிவுநீரைச் சேமித்து எலுமிச்சைக்கு ஊற்றுவதாகச் சிலர் எழுதியுள்ளனர். நீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதே. ஆனால் வடிகட்டியில் தங்கிய உப்பெல்லாம் அந்த நீரில்தான் உள்ளது. எலுமிச்சை உப்பைத் தாங்காத செடி. இலையின் நுனியும் விளிம்பும் பழுப்பாகக் கருகினால் முதலில் ஐயப்பட வேண்டியது அந்த நீரைத்தான். அதை வீடு கழுவுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எலுமிச்சையின் இளம் இலைகளில் வெள்ளிக் கோடு போல வளைந்து வளைந்து தடம் தெரிகிறது, இலை சுருண்டுவிடுகிறது. மழைக்குப் பிறகு அதே இலைகளில் பழுப்புப் புள்ளிகளும் வந்துவிட்டன. இரண்டும் ஒரே நோயா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: இரண்டும் வெவ்வேறு, ஆனால் முதலாவது இரண்டாவதற்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறது. வெள்ளித் தடம் இலைச் சுரங்கப்பூச்சியின் வேலை. மிகச் சிறிய அந்துப்பூச்சி ஒன்று கொழுந்து இலையில் முட்டையிடுகிறது; வெளிவரும் புழு இலையின் மேல்தோலுக்கு அடியிலேயே தின்றுகொண்டு நகர்கிறது; தடத்தின் நடுவே தெரியும் மெல்லிய கருங்கோடு அதன் கழிவு. முற்றிய இலையை இப்பூச்சி தொடுவதில்லை. சுருண்ட இலைகளையெல்லாம் பறித்து எறிந்துவிடத் தோன்றும். அவ்வாறு செய்ய வேண்டாம். பச்சை எஞ்சிய இலை செடிக்கு இன்னும் உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது. பறித்தால் செடி மீண்டும் துளிர்க்கும். அந்தத் துளிரே பூச்சிக்கு அடுத்த விருந்து. புதுத்துளிர் விரல்நக அளவில் இருக்கும்போது வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிப்பதே பயன் தரும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைத்துச் சேர்த்தால் போதும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை தெளியுங்கள். புழு உள்ளே நுழைந்து தடம் வெளியே தெரிந்த பின் தெளித்தால் கரைசல் அதை எட்டாது.

பழுப்புப் புள்ளிகளைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் விரலால் தடவிப் பாருங்கள். இலையின் இருபுறமும் சொரசொரப்பாகத் தக்கை போல மேலெழும்பி, சுற்றிலும் மஞ்சள் வளையம் இருந்தால் அது பாக்டீரியாவால் வரும் சொறி நோய். எலுமிச்சை இந்நோய்க்கு எளிதில் இரையாகும். சாத்துக்குடி அதைவிடச் சற்றுத் தாங்கும். கமலா ஆரஞ்சு இன்னும் அதிகமாகத் தாங்கும். பாக்டீரியா இலைத்துளை வழியாகவும் காயங்கள் வழியாகவும் நுழைகிறது. சுரங்கப்பூச்சி கீறிய இலை முழுவதுமே காயம் என்பதால், மழைத்துளி தெறிக்கும் ஒவ்வொரு முறையும் நோய் ஓர் இலையிலிருந்து மற்றோர் இலைக்குத் தாவுகிறது.

மழை ஓய்ந்து இலைகள் உலர்ந்திருக்கும் நாளில், சொறி கண்ட சுள்ளிகளை வெட்டி எரித்துவிடுங்கள். ஈரத்தில் வெட்டினால் கத்தரியே நோயைப் பரப்பும். ஒவ்வொரு செடிக்குப் பின்னும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைப்பது நல்லது. பிறகு ஒரு சதவீதப் போர்டோ கலவையைத் தெளியுங்கள். 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை மற்றோர் அரை லிட்டரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் வைத்து எடுத்தால் செம்புநிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு தேவை. அந்தச் சோதனையைத் தவிர்த்துத் தெளித்து, இலைகள் முழுவதையும் கருக்கிக்கொண்டவர்கள் உண்டு. கலவையை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். இது முன்தடுப்பு மருந்து. ஏற்கெனவே உள்ள புள்ளிகள் மறையமாட்டா. செடியின் தலைமேல் நீர் ஊற்றும் வழக்கம் இருந்தால் இனி வேரடியில் மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: எலுமிச்சை இலைமேல் பறவை எச்சம் போல ஏதோ கிடக்கிறது. துடைக்கப் போனால் நகர்கிறது. ஒரே வாரத்தில் கிளை மொட்டையாகிவிட்டது.
(வாசகர், மதுரை)

பதில்: அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. பறவைகள் தன்னைத் தின்னாதிருக்க எச்சம் போலத் தோன்றுவது அதன் தற்காப்பு. வளர்ந்தபின் பச்சையாக மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற உறுப்பை நீட்டிக் கடுமையான வாடையை விடும். கடைசிப் பருவத்தில்தான் அது மிகுதியாகத் தின்னும் என்பதால், எச்சம் போலிருக்கும் நிலையிலேயே கையால் எடுத்துவிடுவது எளிது. தொட்டிச் செடிக்கு இதற்காக நஞ்சு தெளிக்க வேண்டியதே இல்லை. அருகில் பெரிய வில்வமரம் இருந்தால் அதில் கொண்டுபோய் விட்டுவிடலாம். வில்வமும் எலுமிச்சையின் குடும்பமே, புழுவும் பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: இலையின் மேல் கரிபூசியது போல் கருமை படர்ந்துள்ளது, தொட்டால் பிசுபிசுக்கிறது. எறும்புகள் ஏறி இறங்குகின்றன.
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: கருமையை விட்டுவிட்டு இலையின் அடிப்புறத்தையும் இளந்தண்டையும் பாருங்கள். அங்கே அசுவினியோ, மாவுப்பூச்சியோ, சிறு பழுப்பு ஓடுகள் போன்ற செதில் பூச்சியோ ஒட்டியிருக்கும். அவை சாற்றை உறிஞ்சி வெளியிடும் தேன் போன்ற கழிவில்தான் கரும்பூசணம் வளர்கிறது. அது இலைக்குள் புகுவதில்லை, வெயிலை மறைப்பதே அதன் தீங்கு. எறும்புகள் அந்தத் தேனுக்காகப் பூச்சிகளைக் காவல் காக்கின்றன. பொறிவண்டு போன்ற நன்மை செய்யும் பூச்சிகளை அண்டவிடுவதில்லை. எனவே எறும்பின் பாதையை அடைப்பதிலிருந்து தொடங்குங்கள்: தொட்டியைச் சுவரில் உரசாமல் தள்ளிவைத்து, அதை வைத்துள்ள தாங்கியின் கால்களை நீருள்ள கிண்ணங்களில் நிறுத்தலாம். பூச்சிகளைச் சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்து, ஐந்து நாள் இடைவெளியில் வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள். கருமையை நீக்க, மைதாவை நீர்க்கக் காய்ச்சி ஆறவைத்த கஞ்சியை வெயில் நாளில் தெளித்தால், அது காய்ந்து ஏடாக உரியும்போது பூசணமும் சேர்ந்து உதிர்ந்துவிடும்.

கேள்வி: சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய கலமன்சி (சிறுகாய் எலுமிச்சை வகை) தொட்டி, காய் குலுங்க வந்தது. அடுக்குமாடி வீட்டின் நடைக்கூடத்தில் வைத்த ஒரு மாதத்தில் பச்சை இலைகளே உதிர்கின்றன.
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: பண்ணையில் முழு வெயிலில் நின்ற செடி அது. வெளிச்சம் சட்டென்று குறைந்தால், தாங்க முடியாத இலைகளைச் செடி தானே உதிர்த்துவிடும். நாளொன்றுக்கு ஐந்தாறு மணிநேர வெயில் விழும் இடத்துக்குப் படிப்படியாக, பத்து நாள்களில் நகர்த்துங்கள். நேரே கடும் வெயிலில் வைத்தால் எஞ்சிய இலைகள் வெந்து வெளுக்கும். காய்களைப் பறித்துவிடுங்கள். விழாவுக்கென விற்கப்படும் செடிகள் சிறிய தொட்டியில் வேர் நெருங்கிச் சுற்றியிருப்பது வழக்கம் என்பதால், அடுத்த அளவுத் தொட்டிக்கு மாற்றுவதும் நல்லது.

கேள்வி: எங்கள் நாரத்தையில் இலைகள் திட்டுத்திட்டாக மஞ்சளாகின்றன. துத்தநாகமும் இரும்பும் பலமுறை தெளித்தும் மாற்றமில்லை. ஒரே ஒரு கிளையில் தொடங்கி இப்போது மறுபக்கமும் பரவுகிறது.
(வாசகர், தேனி)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலை உண்டாயிற்று. ஓர் இலையை நடுநரம்பில் மடித்து இரு பாதிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சத்துக் குறைவு என்றால் இரு பாதியிலும் மஞ்சள் ஒரே பாங்கில், கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இருக்கும். ஒரு பாதியில் திட்டு இருக்கும் இடத்தில் மறுபாதி பச்சையாக இருந்து, பல இலைகளிலும் இவ்வாறே காணப்பட்டால் கிரீனிங் நோயை ஐயப்பட வேண்டும். காய்கள் கோணலாகவும் அடிப்பக்கம் பச்சை மாறாமலும் நிற்பது கூடுதல் அடையாளம். செடியின் உணவு செல்லும் குழாய்த் திசுவில் வாழும் பாக்டீரியா இதற்குக் காரணம். சில்லிட் எனப்படும் சிறு சாறுறிஞ்சிப் பூச்சி அதைப் பரப்புகிறது. வால்பகுதியைத் தூக்கிச் சாய்வாக அமர்ந்திருப்பது அப்பூச்சியின் அடையாளம். கறிவேப்பிலைக் கொழுந்திலும் அது பெருகும். ஆகவே பக்கத்தில் கறிவேப்பிலை இருந்தால் அதையும் பாருங்கள்.

நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2005ஆம் ஆண்டு இந்நோய் கண்டறியப்பட்டது. உலகப் புகழ் பெற்ற அம்மாநிலத்தின் ஆரஞ்சு விளைச்சல், அதன்பின் இருபது ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. தங்கள் மாவட்டத்தைச் சுற்றி எலுமிச்சைத் தோட்டங்கள் உள்ளன என்பதால், தொட்டியில் உள்ள ஒரு செடியானாலும் இதை அலட்சியப்படுத்த இயலாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நோய் தெரியும் இலைகள் சிலவற்றைக் காம்போடு பறித்து, மூடிய பையில் இட்டு, அங்குள்ள நோயியல் வல்லுநர்களிடம் காட்டுங்கள். அதுவரை செடியிலிருந்து பதியனோ ஒட்டோ எடுத்து யாருக்கும் கொடுக்க வேண்டாம். நோய் உறுதியானால், முதலில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்துச் சில்லிட்டை ஒழித்துவிட்டுப் பிறகு செடியை வேரோடு அகற்றுங்கள். தெளிக்காமல் வெட்டினால் அதிலுள்ள பூச்சிகள் அடுத்த மரத்துக்குப் பறந்துவிடும்.